ரப்பர் பாலில் போட்ட பவுசு

எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் ஒரு நாளைக்கு அதிகமாகக் காதில் விழும் சொல் எது என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் சொல்லுவேன்: பவுசு. படித்தவர்களைக் கேட்டால் சீர், சிறப்பு, பெருமை என்று அதற்கு மரியாதையாகப் பொருள் சொல்லுவார்கள். வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளில் அதற்கு அவ்வளவு மரியாதை கிடையாது. அதை யாரும் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதில்லை. அடுத்தவர் மேல் எறிவதற்காகவே வைத்திருந்தோம்.

காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக் களத்துக்குப் போகிறவள் தலையில் ஒரு பூ வைத்திருந்தால் போதும். “என்னடி பவுசு, பால் வெட்டவா போற, பரிசம் போடவா போற?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு பிளேன்டீ குடிக்கிற வழக்கத்தை விட்டு, ஒருவன் கோப்பையிலேயே சீனியைக் கலக்கிக் குடித்தால் அதுவும் பவுசு. உட்கார ஒரு பிளாஸ்டிக் கதிரை வாங்கியவன் வீட்டுப் பக்கம் போய், “கதிர வாங்குன பவுசுல காலு தரையில படமாட்டேங்குது” என்று அவன் காதுபடச் சொல்லிவிட்டுத்தான் நகர்வார்கள். ஒற்றையறைக் காம்பராவுக்கு நீலச் சுண்ணாம்பு அடித்தவர், பிள்ளைக்குக் காலுறை போட்டு அனுப்பியவர், பேருந்தில் ஜன்னல் பக்கம்தான் உட்காருவேன் என்றவர், எல்லாருமே பவுசுக்காரர்கள்.

ஆனால் ஒன்று. தோட்டத்தை நடத்துகிற தொரையின் பங்களாவை யாரும் பவுசு என்று சொல்லி நான் கேட்டதில்லை. அங்கே கண்ணாடி ஜன்னல், புல்வெளி, காரைத் துடைக்க ஓர் ஆள், நாய்க்கு ஓர் ஆள் என்று எல்லாம் இருந்தது. தொரைக்கு இருக்கிறது, அவர் வைத்திருக்கிறார். அதில் சொல்ல என்ன இருக்கிறது? இல்லாதவர்கள் கொஞ்சம் நிமிர்ந்தால்தான் அதற்குப் பவுசு என்று பெயர். இதைச் சின்ன வயதிலேயே கவனித்துவிட்டேன். அதனாலேயே அந்தச் சொல்லின் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம்.

கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் காலத்தில் தோட்டத்துப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்புவரைதான். மாவனல்லையில் ஒரு கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த மாமா வீட்டில் தங்கி, அங்கே முஸ்லிம் பாடசாலையில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தேன். வகுப்பில் பொட்டு வைத்த ஒரே பிள்ளை நான்தான். முதல் தடவை நான் புறப்பட்டபோது அப்பா எனக்கு ஒரு குடை வாங்கித் தந்தார். சிவப்புத் துணியில் வெள்ளைப் புள்ளி. லயத்து வாசலில் அதை விரித்ததும், “அடேயப்பா, பவுசப் பாரு, தொரசாணி போறாங்க” என்று நாலு காம்பராவிலிருந்து ஒரே நேரத்தில் சிரித்தார்கள். மடக்கிவிட்டேன். அடுத்த தடவை அதைக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டு, மழையில் யூரியாச் சாக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு பேருந்துக்குப் போனேன். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்றைக்கு இவ்வளவு உறுத்தாது.

படித்து முடித்து, தொண்ணூறுகளில் எங்கள் தோட்டத்துப் பாடசாலைக்கே ஆசிரியையாக வந்தேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. வெளியிலிருந்து வருகிறவர்கள் புளத்கொகுபிட்டியவிலிருந்து பேருந்தில் வந்து, சந்தியில் இறங்கி, ரப்பர் மரங்களுக்கு நடுவே அரை மணி நேரம் ஏறினால் பாடசாலை. நீளமான ஒரே மண்டபம், அரைச் சுவர், தகரக் கூரை, சீமெந்துத் தரை. மழை பெய்தால் பதினோரு இடத்தில் ஒழுகும். எந்த வகுப்புக்கு எந்த ஒழுக்கு என்று பிள்ளைகளுக்கே கணக்குத் தெரியும். தலைமையாசிரியரான அதிபர் மாவனல்லைக்காரர், முஸ்லிம், நிதானமான மனிதர். பிள்ளைகளுக்கு அவர் பெரிய சேர். எல்லாப் பாடங்களுக்கும் நானும் இன்னொரு டீச்சரும்தான்.

எட்டாம் வகுப்போடு பாடசாலை முடிந்துவிடும். அதற்கு மேல் தமிழில் படிக்க வேண்டுமென்றால் என்னைப்போல எங்காவது போய்த் தங்க வேண்டும். மாமா இல்லாத பிள்ளைகள் என்ன செய்வார்கள்? பையன்கள் கடைகளுக்குப் போனார்கள். பெண் பிள்ளைகள் புல்லு வெட்டப் போனார்கள், இல்லாவிட்டால் கொழும்பில் யார் வீட்டுக்காவது சமையல் வேலைக்குப் போனார்கள். தீபாவளிக்கு வரும்போது தலைமுடியைக் குட்டையாக வெட்டி, யாருடைய பழைய சட்டையையோ போட்டுக்கொண்டு வருவார்கள். என்னைக் கண்டால் ஒளிந்துகொள்வார்கள்.

நான் சொல்ல வந்த அந்த வருடம் எட்டாம் வகுப்பில் ஒன்பது பேர். அதில் ஒருத்தி கணக்கில் புலி. நான் கரும்பலகையில் விடை எழுதுவதற்கு முன்னால் அவள் உதடு அசையும். ஆறாம் லயத்துக் கடைசிக் காம்பராவில் இருந்த அக்காவின் மகள். அந்த அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நல்ல உயரம், பெரிய தொண்டை. பால் வெட்டுகிற பெண்கள் உடுத்தும் சீலை ரப்பர் பால் பட்டுப் பட்டுக் கறுத்துத் தோல்போல ஆகிவிடும். எல்லாரும் அதையே கட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். இந்த அக்கா மட்டும் பால் ஸ்டோருக்குப் பின்னால் மறைவில் சீலை மாற்றி, தலை சீவி, பொட்டு வைத்துக்கொண்டுதான் லயத்துக்கு இறங்குவார். தோட்டத்துப் பவுசுக்காரிகளில் முதல் இடம் அவருக்குத்தான். யார் சொன்னாலும் சிரித்துக்கொண்டே போவார்.

ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் அவர் பாடசாலைக்கு வந்தார்.

“டீச்சர், ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இவளுக்குக் கொழும்புல ஒரு வீடு பாத்திருக்காங்க. நல்ல மனுசங்கதானாம். மேல படிக்க வகுப்பு வருமா, வராதா? வந்தா இவளை எங்கயும் விடமாட்டேன். வரல்லைன்னா பொங்கலுக்கு அப்பறம் அனுப்பிருவேன். சும்மா காம்பராவுல வச்சிக்கிட்டு இருக்க முடியாது பாருங்க.”

மகள் பக்கத்திலேயே நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை யாரோ ஒருவருடைய சமையலறையில் தேங்காய் துருவுவதை நினைக்கவே முடியவில்லை.

வகுப்பு கேட்டு அதிபர் மூன்று வருடமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அந்த மாதம்தான் முதல் முறையாகப் பதில் வந்தது. கேகாலையிலிருந்து ஒரு கல்வி அதிகாரி நேரில் வந்து பார்ப்பார், பார்த்துவிட்டு முடிவு சொல்லுவார் என்று இரண்டே வரி. அதிபர் கடிதத்தை என்னிடம் நீட்டிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பெற்றோர் கூட்டம் போட்டோம். நான் முந்திக்கொண்டு எழுந்து, ஒன்றும் செய்யக்கூடாது என்றேன். தோரணம் வேண்டாம், மாலை வேண்டாம். ஒழுகுகிற கூரையைப் பார்க்கட்டும், உடைந்த பெஞ்சைப் பார்க்கட்டும், அப்போதுதான் நம்முடைய கஷ்டம் புரியும் என்றேன். நன்றாகத்தான் பேசினேன் என்று நினைத்து உட்கார்ந்தேன்.

அக்கா எழுந்தார்.

“ஓட்டையக் காட்டுனா ஓட்டைக்குத்தான் தகரம் குடுப்பாங்க, டீச்சர். வகுப்பு குடுக்கமாட்டாங்க. நாங்க என்னா, சட்டிய ஏந்திக்கிட்டா நிக்கிறோம்? வர்ற மனுசன் நம்ம புள்ளைங்களத் தேடி வர்றாரு. பவுசா கூப்பிட்டு, பவுசா அனுப்பணும்.”

கூட்டம் முழுக்கக் கை தட்டியது. எனக்கு முகம் சிவந்துவிட்டது. அந்தச் சொல்லை யாரும் தன் பக்கமாகத் திருப்பிச் சொல்லி நான் அன்றுவரை கேட்டதில்லை. ஆனால் அன்றைக்கு அது என் மண்டையில் ஏறவில்லை. இப்படி அலங்காரம் காட்டினால், இவர்களுக்கு என்ன குறை என்று எழுதிவிட்டுப் போய்விடுவார் என்று வாதாடினேன். கடைசியில் அதிபர் கையை உயர்த்தினார்.

“ரெண்டும் ஈக்கட்டும், டீச்சர். ஒழுகுறது ஒழுகட்டும், தோரணமும் ஈக்கட்டும். நம்மளுக்கு என்ன நட்டம்?”

நான் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். அவர்கள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. வாழை மரம் வந்தது. சிங்களக் கிராமத்திலிருந்து ஒருவர் குருத்தோலை கொண்டுவந்து பின்னிக் கொடுத்தார். கோயிலிலிருந்து குத்துவிளக்கும் சாமி உட்காருகிற சிவப்பு மெத்தையும் வந்தன. கலர்க் கடதாசிக் கொடி ஆறாம் லயத்திலிருந்து பாடசாலை வரைக்கும் ஆடியது. ஒரே ஒரு சிக்கல் கோலம்தான். கார்த்திகை பிறந்துவிட்டது, தினமும் பின்னேரம் மழை. அரிசி மாவுக் கோலம் வாசலில் அரை மணி நேரம் நிற்காது. மண்டபத்துக்குள் போட்டாலும் ஒழுகுகிற தண்ணீர் கரைத்துக்கொண்டு போய்விடும்.

அதிகாரி வருவதற்கு முதல் நாள் பாடசாலை விட்டதும் நான் வீட்டுக்குப் போய்விட்டேன். அதிபர் சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் பேருந்துக்குப் போனார். அவர்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

மறுநாள் காலையில் சீக்கிரமே போனேன். மண்டபத்துக்குள் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். வாசலிலிருந்து கரும்பலகை வரைக்கும் தரை முழுக்கக் கோலம். நடுவில் தாமரை, சுற்றிச் சங்கிலி, நாலு மூலையிலும் குத்துவிளக்கு. என் வாழ்நாளில் அவ்வளவு பெரிய கோலத்தைப் பார்த்ததில்லை. ஆனால் அது வெள்ளையாக இல்லை. மஞ்சளும் இல்லாமல் பழுப்பும் இல்லாமல் ஒரு நிறம். குனிந்து தொட்டேன். விரலோடு இழுத்துக்கொண்டு வந்தது.

ரப்பர் பால். மரத்திலிருந்து இறக்கியபோது தும்பைப் பூவாகத்தான் இருந்திருக்கும். இரவோடு இரவாகக் காய்ந்து நிறம் மாறிவிட்டது. ஆணியால் ஓட்டை போட்ட பால்மா டின் ஒன்று சுவரோரமாக உருண்டு கிடந்தது. எதில் ஊற்றி இழுத்தார்கள் என்று புரிந்தது.

சரி, நிறம்தானே, பரவாயில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அப்போது அதிபர் வந்தார். வாசற்படியில் நின்றபடியே கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்தினார்.

“டீச்சர், இது என்ன வாட? கூரையில ஏதாச்சும் செத்துக் கெடக்கா?”

எனக்கு எந்த வாடையும் தெரியவில்லை. பிறகுதான் பொறி தட்டியது. ரப்பர் பால் புளித்தால் எப்படி நாறும் என்று பேருந்தில் எங்கள் பக்கத்தில் உட்கார மறுக்கிறவர்களைக் கேட்டால் தெரியும். நாங்கள் அந்த நாற்றத்திலேயே பிறந்து, அதிலேயே சோறு தின்று வளர்ந்தவர்கள். இருபது பெண்கள் பின்னேரம் முழுக்கக் குனிந்து கோலம் போட்டிருக்கிறார்கள். அதில் ஒருத்தருக்குக்கூட மூக்கில் உறைக்கவில்லை. ரப்பர்த் தோட்டத்து ஆட்களைத் தவிர உலகத்தில் வேறு யாரும் இந்தத் தவறைச் செய்திருக்க முடியாது.

தண்ணீர் ஊற்றித் தேய்த்தோம், போகவில்லை. தேங்காய் மட்டையால் உரசினோம், போகவில்லை. ஒரு பெண் பால் வெட்டுகிற கத்தியால் சுரண்டினாள். ஒரு சாண் நூல் உரிவதற்குள் சீமெந்தும் பெயர்ந்து வந்தது. மணி ஒன்பதாகிவிட்டது, பத்து மணிக்கு அதிகாரி வருகிறார். அக்கா அன்றைக்கு வேலைக்குப் போகாமல், பெட்டியிலிருந்த கல்யாணச் சீலையைக் கட்டிக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு அப்போதுதான் உள்ளே வந்தார். எங்கள் முகங்களைப் பார்த்து, “என்னாச்சு டீச்சர்?” என்றார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ அவ்வளவு ஆத்திரம்.

“என்னாச்சா? ஒங்க பவுசு நாறுது! அதுதான் ஆச்சு! நான் படிச்சுப் படிச்சு சொன்னேன், வேணாம் வேணாம்னு. கேட்டீங்களா? ஒங்க பவுசாலதான் இந்தப் புள்ள கொழும்புக்குப் போகப் போகுது, பாத்துக்கிட்டே இருங்க!”

மண்டபத்தில் எல்லாப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஒன்பது பேரும் இருந்தார்கள். அவருடைய மகள் இருந்தாள். எந்தப் பேச்சுக்கும் சிரிக்கிற அக்கா அன்றைக்குச் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, கல்யாணச் சீலை முந்தானையை இடுப்பில் செருகி, ஒரு மூலையில் உட்கார்ந்து கத்தியால் சுரண்டத் தொடங்கினார். சொன்ன அந்த நிமிடமே என் நாக்கைப் பிடுங்கி எறியலாம்போல இருந்தது. ஆனாலும் மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்கு அப்போது அவ்வளவு வீம்பு.

பத்து மணிக்கு அதிகாரி வரவில்லை. பன்னிரண்டுக்கும் வரவில்லை. பிள்ளைகள் பசியில் வாடினார்கள், அவருக்காகச் சுட்ட வடையில் பாதியை அவர்களுக்கே கொடுத்தோம். இரண்டு மணிக்கு இடி முழக்கத்தோடு மழை பிடித்துக்கொண்டது. கடதாசிக் கொடியெல்லாம் சாயம் போய்க் கயிற்றில் ஒட்டிக்கொண்டன. ஒரு வாழை மரம் சாய்ந்தது, இன்னொன்று அதன்மேல் சாய்ந்தது. குருத்தோலைத் தோரணம் வாய்க்காலில் போனது. பதினோரு ஒழுக்கும் ஒன்றாகத் தொடங்கின. இனி யார் வரப்போகிறார்கள் என்று அதிபர் வருகைப் பதிவேட்டை மூடப் போனார்.

மூன்று மணிக்கு அதிகாரி நடந்தே வந்தார். ஜீப் கீழே சேற்றில் புதைந்துவிட்டதாம். கால்சட்டை முழங்கால் வரை மடிக்கப்பட்டிருந்தது, காலில் ஓர் அட்டை. தோட்டத்து ஆபீசிலிருந்து துணைக்கு வந்த கணக்கப்பிள்ளை பின்னால் குடை பிடித்தபடி வந்தார். அதிகாரி சிங்களவர், ஐம்பது வயதிருக்கும். உள்ளே வந்து, அட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டு நிமிர்ந்தார்.

வெளியே நாங்கள் செய்து வைத்த ஒன்றுகூட மிஞ்சவில்லை. உள்ளே தரையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீருக்கு அடியில் கோலம் கரையாமல் அப்படியே கிடந்தது. காலையிலிருந்து சுரண்டியதில் ஒரு மூலைக் குத்துவிளக்கு மட்டும்தான் போயிருந்தது.

அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். “மே மொகக்த?” என்றார், இது என்ன என்று.

அதிபர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மூலையிலிருந்து அக்கா எழுந்தார். “ரபர் கிரி, மஹத்தயா.” சிங்களத்தில் ரப்பர் பாலுக்கு அதுதான் பெயர்; மஹத்தயா என்றால் ஐயா.

“கவுத களே?” யார் போட்டது?

தோட்டத்துப் பாலை வெளியே எடுத்தால் அது களவு. கணக்கப்பிள்ளை பக்கத்திலேயே நிற்கிறார்.

“அபி தமய்,” என்றார் அக்கா. நாங்கள்தான். பிறகு அந்தப் பெரிய தொண்டையில், தடங்கலே இல்லாத சிங்களத்தில், எல்லாவற்றையும் சொன்னார். களவு இல்லை, மஹத்தயா. இருபது பேரும் எங்கள் எங்கள் வாளியிலிருந்து ஆளுக்கு மூன்று சிரட்டை எடுத்து வைத்தோம். மழைக் காலத்தில் பால் கம்மி, எடுத்தால் நாளுக்குக் குறித்த கிலோ எட்டாது என்று தெரியும். கிலோ எட்டவில்லை. இருபது பேருக்கும் அரைப்பேர்தான் போட்டார்கள், வேண்டுமானால் இந்த ஐயாவையே கேளுங்கள் என்றார். கணக்கப்பிள்ளை கூரையில் ஒழுகுகிற இடங்களை எண்ணத் தொடங்கினார்.

அரைப்பேர் என்றால் அரை நாள் சம்பளம். பொழுது விடிவதற்கு முன் எழுந்து, முழு நாள் மரத்தோடு மரமாக நின்றுவிட்டு, அரை நாள் கூலி. எனக்கு அது தெரியாது. இருபது பெண்களில் ஒருத்தர்கூடச் சொல்லவில்லை.

“ஏன் இப்படிச் செய்தீர்கள்?” என்று கேட்டார் அதிகாரி.

“மாவுல போட்டா மழைக்கு நிக்காது, மஹத்தயா. நீங்க எந்நேரம் வந்தாலும் இருக்கணும்ல?”

இந்தப் பதிலை மட்டும் அக்கா தமிழில் சொல்லிவிட்டார், பதற்றத்தில். அதிபர் மொழிபெயர்த்தார். அதிகாரி பிள்ளைகள் பக்கம் திரும்பி, ஒன்பதாம் வகுப்பு வந்தால் யார் யார் படிப்பீர்கள் என்று கேட்டார். ஒன்பது பேரும் எழுந்தார்கள். அவர் அதிபர் பக்கம் திரும்பிச் சொன்னதை நான் மறக்கமாட்டேன். “தோட்டங்களில் கட்டடம் கிடைத்தாலும் பிள்ளைகள் நிலைப்பதில்லை, பெற்றோரே வேலைக்கு இழுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்தச் சந்தேகத்தில்தான் இவ்வளவு காலமும் கடிதங்களைத் தள்ளிவைத்தோம். ஒரு வகுப்புக்காகச் சம்பளத்தை விட்டவர்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போகமாட்டார்கள்.”

சாமி மெத்தையில் உட்கார்ந்து, மிச்சமிருந்த வடையைத் தின்று, பிளேன்டீ குடித்தார். சீனியை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார். அதிபர் ஒரு தரம் கைக்குட்டையை மூக்கருகே கொண்டுபோய், அவசரமாகச் சட்டைப் பைக்குள் திணித்தார். அதிகாரி அதைப் பார்த்துவிட்டார். எதற்கு என்று கேட்டார். அதிபர் தயங்கித் தயங்கி, வாடை என்றார். அதிகாரி இரண்டு தரம் மூச்சை இழுத்துப் பார்த்தார். பிறகு சிரித்தார். அவருடைய வீட்டிலும் ரப்பர்க் காணி இருந்ததாம், பள்ளிக்கூடம் போகும் முன்னால் அவரும் மரத்தில் பால் வெட்டியவராம். அவருக்கும் ஒரு நாற்றமும் தெரியவில்லை. அன்றைக்கு அந்த மண்டபத்தில் கஷ்டப்பட்ட ஒரே ஆள் எங்கள் அதிபர்தான்.

மறுநாள் பாடசாலை விட்டதும் ஆறாம் லயத்துக்குப் போனேன். போகும் முன் முகம் கழுவி, வேறு சீலை கட்டிக்கொண்டேன். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. அக்கா வாசலில் உட்கார்ந்து, வாளியில் உறைந்த ஒட்டுப்பாலை உரித்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, நேத்து நான் பேசினது தப்பு. புள்ளைங்க முன்னால அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. எனக்கு ராத்திரி சோறு எறங்கல.”

அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தார்.

“மன்னிப்பு கேக்கறதுக்குக்கூடச் சீல மாத்திக்கிட்டு வந்திருக்கீங்களே டீச்சர். என்னையப் போயி பவுசுக்காரிங்கிறாங்க!”

உள்ளேயிருந்து மகள் களுக்கென்று சிரித்தாள். நான் அழுதுவிட்டேன். “அட, என்னா புள்ள இது, உள்ள வா,” என்றார் அக்கா. நான் வேலைக்கு வந்த பிறகு அவர் என்னை ‘புள்ள’ என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பிளேன்டீ கொடுத்தார். ஏலக்காய் தட்டிப் போட்டிருந்தார்.

மார்கழிக் கடைசியில் அனுமதி வந்தது. கட்டடம் கிடையாது, ஆசிரியர் கிடையாது, பெஞ்சு கிடையாது, வகுப்பு மட்டும் உண்டு. அதிபர் அந்தக் கடிதத்தை மூன்று தரம் சத்தம்போட்டு வாசித்தார். எனக்கே சரியாகத் தெரியாத கணிதத்தை நான் ஒன்பதாம் வகுப்புக்குக் கற்பிக்க வேண்டும் என்பது மூன்றாவது தரம்தான் உறைத்தது. முதல் இரண்டு வருடம் நானும் அவர்களோடு சேர்ந்து படித்தேன் என்பதுதான் உண்மை. இடம் இல்லாததால் மண்டபத்தின் நடுவில், தாமரைக்கு மேல் பெஞ்சைப் போட்டோம். கோலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்து, பிறகு கரியாகவே ஆனது. நாற்றம் மட்டும் போய்விட்டதாக அதிபர் சொன்னார், அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். பல வருடம் கழித்துப் புதிய தரை போட மேசன்மார் வந்தபோது கொத்தித்தான் எடுத்தார்கள். அதற்குள் பத்து, பதினோராம் வகுப்புகளும் வந்துவிட, அந்தத் தாமரையின் மேல் உட்கார்ந்து எத்தனையோ பிள்ளைகள் சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்துவிட்டார்கள். கணக்கில் புலியான அந்தப் பிள்ளை இப்போது கேகாலையில் ஒரு வங்கியில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறாள். நான் போனால் எழுந்து நிற்பாள், வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஆனால் எனக்கு அடிக்கடி ஞாபகம் வருவது வங்கி அல்ல, ஒன்பதாம் வகுப்பு தொடங்கிய அந்தத் தை மாதக் காலை. நல்ல வெயில், வானத்தில் பொட்டு மேகம் இல்லை. நான் பாடசாலை வாசலில் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் ஆறாம் லயம் முழுக்கத் தெரியும். கடைசிக் காம்பராவிலிருந்து அந்தப் பிள்ளை வெளியே வந்தாள். வெள்ளைச் சட்டை, இரட்டைப் பின்னல். கையில் புதுக் குடை, நீலத் துணியில் மஞ்சள் பூ. அத்தனை வெயிலில் அதை விரித்துப் பிடித்துக்கொண்டாள்.

லயத்தில் ஒரு காம்பரா பாக்கியில்லாமல் குரல் கொடுத்தது. “ஏய், பவுசப் பாரு! மழையா பேயுது?” “தொரசாணி, பாத்துப் போங்க!” மடக்கிவிடாதே என்று மனதுக்குள் கெஞ்சினேன். என் கட்டிலுக்கு அடியில் கிடந்த சிவப்புக் குடையும், ஒன்றும் கேட்காத அப்பாவும் கண் முன்னால் வந்து நின்றார்கள்.

பால் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த அக்கா லயத்தைத் திரும்பிப் பார்த்து, “ஆமா, பவுசுதான்! நல்லாப் பாத்துக்கங்க!” என்று கத்தினார். பிள்ளை குடையை மடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள். லயம் முழுக்கச் சிரித்தது, அவளும் சிரித்தாள். அப்படியே படியேறி, வாசலைத் தாண்டி மண்டபத்துக்குள் வந்து என் முன்னால் நின்றாள்.

“உள்ள வந்தாச்சே, குடைய மடக்கு,” என்றேன்.

“எனக்கு ஒழுகுற எடத்துலதான பெஞ்சு போட்டிருக்கீங்க, டீச்சர்?”

“பவுசுதான் ஒனக்கு,” என்றேன். அந்த மண்டபத்தில் என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அது இரண்டாவது தடவை. இந்தத் தடவை யாரும் தலையைக் குனியவில்லை.